கை கொடுப்பதன் அளவு: வளர்ச்சிசார் மாற்றுத்திறனுள்ள பெரியவர்களின் இல்லத்தில் குழுத்தலைமை

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் என்று வந்து, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக மூக்கையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில், வளர்ச்சிசார் மாற்றுத்திறனுள்ள மகனையோ மகளையோ வளர்த்த பெற்றோர் அறுபது வயதைக் கடக்கும்போது அவர்கள் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான்: “எங்க காலத்துக்குப் பெறகு இவன யாரு பாப்பா?” அண்ணன் தம்பிகள் சிங்கப்பூருக்கோ சவுதிக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போயிருப்பார்கள், மருமகள்மேல் இந்தப் பொறுப்பை ஏற்றி வைக்கத் தாய்க்கு மனம் வராது. அந்தக் கேள்விக்கு விடையாகவே சிறு இல்லங்கள் தோன்றுகின்றன. ஆனால் கூரையும் கட்டிலும் கிடைத்த உடனே விடை கிடைத்துவிடுவதில்லை. அங்கே வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் ஒரு குழுவாக எப்படி நடந்துகொள்கிறார்கள், அவர்களை வழிநடத்துபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது அமையும். “நாளையிலிருந்து நீங்கதான் இன்சார்ஜ்” என்று சொல்லப்பட்டு, கையில் சாவிக்கொத்தோடு நிற்கும் ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இல்லம் தேடும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் பருவத்திலேயே, அதாவது பிறப்புக்கு முன்போ குழந்தைப் பருவத்திலோ தொடங்கி, வாழ்நாள் முழுவதும் உடன்வரும் நிலைகளை வளர்ச்சிசார் மாற்றுத்திறன் என்கிறோம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சின்ட்ரோம் ஆகியவை இதில் அடங்கும்; ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. இது நோயல்ல, மருந்து கொடுத்துக் குணமாக்கும் காரியமும் அல்ல. மனநோயிலிருந்து இது வேறுபட்டது என்பதை நம் பகுதியில் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பேச்சு வராத இருபது வயது மகனைத் தர்காவுக்கும் கோவிலுக்கும் மாதக்கணக்கில் அழைத்துச் சென்று காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. இவர்களுக்கு மனநோய் வரவே வராது என்று இதற்குப் பொருளல்ல. எல்லாரையும்போல் இவர்களுக்கும் மனச்சோர்வும் பதற்றமும் வரும், அவற்றுக்கு மருத்துவம் வேண்டும்.

நான் வேலை பார்க்கும் இல்லத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். வயது இருபத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்று வரை. பகலில் மூன்று பணியாளர்கள், இரவில் இருவர், சமையலுக்கு ஓர் அக்கா, வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் சிறப்பு ஆசிரியர் ஒருவர், மாதம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட். கடற்கரைச் சாலையிலிருந்து பனைமரங்களுக்கு இடையே உள்ளே தள்ளி இருக்கும் சாதாரண ஓட்டு வீடுதான். இதுபோன்ற குழு இல்லங்களில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலும் செய்யும் வேலை என்ன என்று கேட்டால், மாத்திரை வாங்குவது, சம்பளப் பட்டியல் போடுவது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது என்று நீண்ட பட்டியல் வரும். அவையெல்லாம் செய்தே ஆக வேண்டியவை. ஆனால் தலைமை என்பதன் உட்பொருள் வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு குவளைத் தேநீர் போதும்.

எங்கள் இல்லத்தில் நாற்பது வயது அண்ணன் ஒருவர் இருக்கிறார். மூளை முடக்குவாதத்தால் அவருடைய இடக்கை மடங்கியே இருக்கும். வலக்கை பிடிக்கும், ஆனால் நடுங்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், உண்மையான அன்போடுதான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை ஆற்றி வாயில் ஊட்டினார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த அண்ணன் தானாகக் குடித்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அடி கனமான, இரண்டு பக்கமும் காது வைத்த எவர்சில்வர் குவளை வேண்டும். அது வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். குவளையில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. தேநீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பணியாளர் அவருடைய வலது முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கினால் போதும், தூக்குவதை அவரே தூக்குவார். முதல் வாய் குடித்து முடித்ததும் அவர் நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு ஊட்டிவிட யாருக்கும் மனம் வராது.

பராமரிப்புக்கும் ஆதரவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பராமரிப்பு ஒருவருக்காக எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. ஆதரவு அவர் செய்வதற்கு எவ்வளவு கை தேவையோ அவ்வளவு மட்டும் கொடுக்கிறது. சொன்னால் போதுமா, சைகை காட்ட வேண்டுமா, நாம் ஒருமுறை செய்து காட்ட வேண்டுமா, கையைப் பிடித்துச் செய்விக்க வேண்டுமா, அல்லது அந்தப் பகுதியை மட்டும் நாமே செய்துவிட வேண்டுமா என்ற படிகள் இதில் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு வேலைக்கும், ஏன், ஒவ்வொரு நாளுக்கும்கூட இந்தப் படி மாறும். பிரிட்டனில் 1980களில் பெரிய விடுதிகளை மூடிச் சிறு வீடுகளுக்கு மக்களை மாற்றியபோது இம்முறையை ஒழுங்குபடுத்திச் செயலூக்க ஆதரவு என்று பெயரிட்டார்கள். வீட்டை மாற்றினால் மட்டும் வாழ்க்கை மாறிவிடவில்லை என்று அங்கே கண்டுகொண்டார்கள். சிறு வீட்டிலும் பணியாளர்களே எல்லா வேலையையும் செய்ய, அங்கே குடியிருந்தவர்கள் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் இல்லங்களிலும் அந்தச் சுவரோர வரிசையைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடிக்கொண்டிருக்கும் டிவி, அதைப் பார்க்காத முகங்கள்.

இப்போது தலைமைக்கு வருவோம். காலைப் பணியாளர் ஈரத்துணி விரித்து முழங்கையைத் தாங்குகிறார், மாலைப் பணியாளர் ஊட்டிவிடுகிறார் என்றால் அந்த அண்ணன் காலையில் பழகியது மாலையில் அழிந்துவிடும். அதைவிட மோசமானது, தன்னால் முடியும் என்பதை இந்த வீட்டில் யார் நம்புகிறார்கள், யார் நம்பவில்லை என்று அவர் நாள்தோறும் குழம்ப வேண்டியிருக்கும். ஆகவே ஒருவருக்கு எவ்வளவு கை கொடுப்பது என்ற அளவைக் கண்டுபிடிப்பதும், அந்த அளவை மூன்று ஷிப்டிலும் எல்லாப் பணியாளரும் ஒன்றுபோல் கடைப்பிடிக்கச் செய்வதும், அந்த அளவு மாற வேண்டிய நேரத்தில் அதை மாற்றுவதுமே குழுத்தலைவரின் வேலை. மற்றவை யாவும் இதற்குத் துணை நிற்பவையே என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவு ஷிப்டுக்கு ஷிப்டு கைமாறும் இடம் டியூட்டி மாறும் பதினைந்து நிமிடம். பெரும்பாலான இல்லங்களில் அந்த நேரத்தில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார். கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் “எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க” என்ற ஒரு வாக்கியத்தோடு பகல் முடிந்துவிடும். குறிப்பேட்டைத் திறந்தால் “அமைதியாக இருந்தார், நன்றாகச் சாப்பிட்டார்” என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். இதை வைத்து இரவுப் பணியாளர் என்ன செய்ய முடியும்? எப்போதும் சத்தம் போட்டுப் பாடுகிறவர் அமைதியாக இருந்தார் என்றால் அது அபாயக் குறி அல்லவா? ஆகையால் நான் புதியவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். “மதியம் சோற்றைத் தொடவில்லை, ரசத்தை மட்டும் குடித்தார், இரண்டு முறை வலக் கன்னத்தில் கை வைத்தார்” என்பது குறிப்பு. “அடம் பிடித்தார்” என்பது குறிப்பல்ல, தீர்ப்பு.

மேலே காட்டியது கற்பனையாக எழுதிய உதாரணமல்ல. எங்கள் இல்லத்தில் பேச்சு இல்லாத, ஆட்டிசம் உள்ள ஒருவர், ஒரு வாடைக்காற்று மாதத்தில், இரவு பத்து மணிக்கு மேல் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினார். குளிர்காற்றுப் பிடிக்கவில்லை என்றார் ஒருவர். வீட்டு நினைப்பு என்றார் மற்றொருவர். தூக்க மாத்திரையைக் கூட்டிக் கேட்கலாமா என்று மூன்றாமவர் சொன்னார். நான் அப்போது செய்த ஒரே நல்ல காரியம், மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பத்து நாள் எழுதிப் பார்ப்போம் என்று சொன்னதுதான். அறைவதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் அறைந்தார், அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்ற மூன்றும் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டன. ஒன்பதாம் நாள் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தபோது, படுத்த பிறகே அறைகிறார், எப்போதும் வலக் கன்னத்தில்தான், குளிர்ந்த தண்ணீர் குடித்த இரவுகளில் அதிகம் என்பது புலப்பட்டது. பல் மருத்துவர் பார்த்தபோது வலது கீழ்க் கடைவாய்ப்பல் வேர்வரை அழுகியிருந்தது. பல்லைப் பிடுங்கிய பிறகு அறைவது நின்றது. இரண்டு மாதம் வலியை அனுபவித்தவர் அதை நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கேட்கத் தெரியாதது நம் குறை. நடத்தையில் திடீர் மாற்றம் கண்டால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து சட்டமாகவே வைத்திருக்கிறோம்: பல், காது, வயிறு, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, சிறுநீர்த் தொற்று.

உடல்நலத்தைப் பற்றி இன்னும் சில செய்திகளைத் தலைவர் தன் விரல்நுனியில் வைத்திருப்பது நல்லது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம் காணப்படும். நாற்பது வயதுக்குப் பிறகு மறதிநோய் மற்றவர்களைவிட மிக முன்னதாகவே தொடங்கலாம். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் சட்டைப் பொத்தான் போட மறந்தால் அதைச் சோம்பல் என்று எழுதிவிடக் கூடாது. கை கொடுக்கும் அளவை உயர்த்த வேண்டிய காலம் வந்திருக்கலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குக் கடலோர உணவில் முள் பெரிய ஆபத்து. சாளை மீனை ஒதுக்கிவிட்டு, முள்ளை முழுக்க நீக்கிய சுறாப்புட்டைப் பிசைந்த சோற்றோடு கொடுக்க எங்கள் சமையல் அக்கா பழகிக்கொண்டது, அவர் ஊதியத்தைவிடப் பெரிய சேவை. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது எதற்கும் உதவாது. செய்ய வேண்டியது, சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, வாயில் எதையும் நுழைக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பது. அசைவு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நீண்ட வலிப்பு வரக்கூடும் என்பதால், நோன்புக்கோ திருவிழாவுக்கோ வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்துக் கட்டி, திரும்பி வரும்போது மீதியை எண்ணிப் பார்க்கிறோம்.

எல்லாரும் எளிதாகக் கடந்து செல்லும் ஒரு செய்தியில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். அது விளிப்பு. ஐம்பது வயது மனிதரை “பாப்பா” என்றும் “டேய் தம்பி” என்றும் கூப்பிடுவது நம் இல்லங்களில் சர்வ சாதாரணம். அன்பினால்தான் கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை என்று கூப்பிட்டவரிடம் தேநீர்க் குவளையைக் கொடுக்கக் கை வராது, ஊட்டத்தான் வரும். சொல்லிலிருந்துதான் கையின் அளவு தொடங்குகிறது. எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் அந்த வயதில் எப்படி அழைக்கப்பட்டிருப்பார்களோ அப்படியே அழைக்கிறோம். கீழக்கரையிலிருந்து வந்தவர் “காக்கா”, அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் அண்ணன், அக்கா, மதினி. வயதில் இளையவர்களைப் பெயர் சொல்லி “வாங்க, போங்க” என்கிறோம். “அண்ணே, சட்டை எது போடுறீக, நீலமா, கோடு போட்டதா?” என்று கேட்கும் பணியாளர், இரண்டு சட்டையையும் கையில் தூக்கிக் காட்டி, பதிலுக்குக் காத்திருப்பார். பேச்சு இல்லாதவர் கண்ணாலோ விரலாலோ காட்டுவார். கேட்டுவிட்டுப் பத்து வரை மனத்துக்குள் எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்பது நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது. பெரும்பாலான விடைகள் ஏழாவது எண்ணுக்குமேல்தான் வருகின்றன.

பணியாளரைத் திருத்துவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஊட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கண்டித்திருந்தால், அவர் என்னைப் பார்த்தால் மட்டும் ஊட்டுவதை நிறுத்தியிருப்பார். அடுத்த நாள் காலையில் நானே ஈரத்துணியை விரித்து, “நேத்து இவர் குடிச்சதப் பாத்தீங்களா, இன்னைக்கு இப்படிக் குடுத்துப் பாப்போம்” என்று பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன்; மூன்றாம் நாள் அவர் கொடுக்க நான் பார்த்தேன்; அதன்பின் தனியாக அழைத்து, எதை நன்றாகச் செய்தார் என்பதை முதலிலும் எதை மாற்றலாம் என்பதைப் பிறகும் சொன்னேன். அலுவலக அறையில் உட்கார்ந்து தலைமை தாங்க முடியாது. நாளில் ஒரு வேளையாவது அடுக்களையிலோ குளியலறை வாசலிலோ சாப்பாட்டு மேசையிலோ குழுவோடு நிற்பவரால்தான் கையின் அளவைக் காண முடியும்.

ஆதரவு என்றால் ஆபத்தே இல்லாத வாழ்க்கை என்று பொருளல்ல. இதைப் பெற்றோர் ஏற்பது கடினம், அவர்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். எங்கள் இல்லத்தில் இருக்கும் ஓர் இளைஞர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். மாலையில் படகு கரையேறுவதைப் பார்க்கப் போக வேண்டும் என்று தினமும் வாசலில் நிற்பார். அவர் அம்மா, “கடப்பக்கம் மட்டும் விட்றாதீக” என்று கண்ணீரோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். பணியாளர்களுக்கும் பயம், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? கதவைப் பூட்டுவது எளிய தீர்வு. ஆனால் மாற்றுத்திறனுள்ளவர்களுக்காகக் குரல் கொடுத்த அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்ஸ்க் 1972இல் எழுதியதைப்போல, ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு மனித கண்ணியம் இருக்கிறது. எல்லா ஆபத்திலிருந்தும் ஒருவரைக் காப்பது என்றால் அவரை வாழவிடாமல் காப்பதுதான். நாங்கள் அம்மாவை அழைத்து உட்காரவைத்துப் பேசினோம். இளைஞரை அழைத்துச் செல்லும் கரை பாக் நீரிணைப் பக்கம், ஊரார் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான கரை. மன்னார் வளைகுடாவின் ஆண்கடல் பக்கம் இல்லை. வாடை வீசும் மாதங்களில் போவதில்லை. ஒருவர் மட்டும் உடன் போவார், அவர் எப்போதும் கடலுக்கும் இளைஞருக்கும் இடையில் நிற்பார். ஈர மணல் தொடங்கும் இடம்தான் எல்லை. அதை ஒரு மாதம் கால்விரலால் கோடு போட்டுக் காட்டிப் பழக்கினோம். இவை அனைத்தையும் எழுதி, அம்மாவும் நானும் கையெழுத்திட்டு, எல்லா ஷிப்டுக்கும் படித்துக் காட்டினோம். பொறுப்பு ஒரு பணியாளர் தலையில் விழாமல் குழுவின் தலையில் இருக்கச் செய்தால்தான் பணியாளர் துணிவார். அந்த இளைஞர் இப்போது வலையிலிருந்து நண்டு பிரிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையை நகர்த்திக் கொடுக்கிறார். கரையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கடலோரத்தில் பணிப்பட்டியல் போடுகிறவர் கடலின் காலண்டரையும் அறிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் தந்தைமார் கரையில் இருப்பதால் வாரந்தோறும் வந்து பார்ப்பார்கள், வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். தடை நீங்கிப் படகுகள் இறங்கியதும் வருகை சட்டென்று நின்றுவிடும். ஜூன் மாதக் கடைசியில் எங்கள் இல்லத்தில் அழுகையும் கோபமும் தூக்கமின்மையும் கூடுவதற்குக் காரணம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது அந்த வாரங்களில் யாருக்கும் நீண்ட விடுப்புக் கொடுப்பதில்லை. அவரவர்க்குப் பழகிய பணியாளரே மாலையில் இருக்கும்படி பட்டியல் போடுகிறேன். அப்பாவின் படகுப் படத்தை ஒட்டிய அட்டையில், அவர் அடுத்து வரும் நாள்வரை தினம் ஒரு கட்டத்தை அடிக்கச் செய்கிறோம்.

இரவைப் பற்றிப் பேசும்போது ஏர்வாடியைத் தவிர்க்க முடியாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இதே மாவட்டத்தின் இதே கடற்கரையில், தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்தவர்கள் மனநோய் உள்ளவர்கள், எங்கள் இல்லத்தவர் நிலை வேறு. ஆனாலும் கட்டிவைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் இரண்டு இடத்துக்கும் பொதுவானது. ஆகவே எங்கள் இல்லத்தில் யாரையும் கட்டுவதில்லை, எந்த அறைக்கும் வெளித்தாழ்ப்பாள் இல்லை. இருந்த தாழ்ப்பாள்களை நானே திருகி எடுத்தேன். வாசல் கதவின் சாவி இரவுப் பணியாளர் இருவரிடமும் தனித்தனியாக இருக்கும். மாதம் ஒருமுறை இரவு நேரத்தில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்லாரையும் முற்றத்துப் பனையடிக்குக் கொண்டுவர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கிறோம். முதல்முறை பதினாறு நிமிடம் ஆயிற்று. நடக்க முடியாத இருவரின் கட்டில்களை வாசலுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றியபின் ஆறு நிமிடத்துக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொருவருடைய மருந்துச் சீட்டு, அடையாள அட்டை நகல், ஒரு வாரத்து மாத்திரை, அவருக்குப் பிடித்த ஒரு பொருள் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி, எடுக்கத் தோதாகத் தொங்கவிட்டுவிடுவோம்.

பூட்டியிருக்கும் கதவுக்குப் பின்னால் நடக்கும் தவறுகளைப் பற்றியும் தலைவர் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. பேச முடியாதவர்கள்மேல் கை ஓங்குவதும், பெண்களிடம் வரம்பு மீறுவதும், அவர்களுடைய உதவித்தொகையை எடுத்துக்கொள்வதும் நடக்கக்கூடியவையே. பெண்களைக் குளிப்பாட்டவும் உடைமாற்றவும் பெண் பணியாளர்தான் என்பதில் ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருநாளும் தளரக் கூடாது. தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் இரவு இரண்டு மணிக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரு பணியாளர் இன்னொருவரைப் பற்றிப் புகார் சொன்னால் சொன்னவருடைய வேலைக்கு ஆபத்து வராது என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் நடத்தையில் நிரூபிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. சமூகத்தோடு வாழும் உரிமையையும், மற்றவர்களுக்கு இணையான சட்டத் தகுதியையும் உறுதி செய்கிறது. இல்லம் நடத்துவோர் பதிவு பெற்றே நடத்த வேண்டும் என்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பதினெட்டு வயதானதும் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வங்கியிலோ சொத்துப் பாகப்பிரிவினையிலோ சிக்கல் வரும்போதுதான் ஓடுவார்கள். சேர்க்கை நாளிலேயே இதைச் சொல்லி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது தலைவரின் கடமை. பாதுகாவலர் இருக்கிறார் என்பதற்காக எந்தச் சட்டை, எந்தக் குழம்பு, எப்போது தூக்கம் என்பதையெல்லாம் அவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. அவை அந்த மனிதர் சொல்ல வேண்டியவை.

கடைசியாகப் பணியாளர்கள். இந்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் குறைவு. கடல்பாசி எடுக்கப் போனாலோ நண்டு உரிக்கும் கம்பெனிக்குப் போனாலோ ஏறக்குறைய அதே பணம் கிடைக்கும், கடியும் கீறலும் இருக்காது. ஆகவே நல்ல பணியாளர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் இருக்கும் நாளில், ஒரு கடுமையான இரவுக்குப் பிறகு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து என்ன நடந்தது என்று கேட்பதும், சொன்ன வார விடுப்பை எக்காரணத்தாலும் பறிக்காமல் இருப்பதும், ஒருவரிடம் அடி வாங்கியவரை மறுநாளே அவரிடம் தனியாக விடாமல் இருப்பதும் என்னால் முடிந்தவை. ஒருவர் போகும்போது அவரோடு போய்விடக் கூடியது அவருடைய கை அறிந்த அளவுகள். அதனால் விலகுகிறவரைக் கடைசி இரண்டு நாள் வேறு வேலையிலிருந்து விடுவித்து, புதியவரோடு உடன் நிற்கச் சொல்லி, கோப்பில் இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு, ஆறு வருடம் இரவு டியூட்டி பார்த்த அக்கா ஒருவர், மகளின் பிரசவத்துக்காக வேலையை விட்டுப் போனார். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். தலை துவட்டும்போது காக்காவின் இடது காதில் துணி படக் கூடாது என்று அதில் இருந்தது. சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் பசியில்லை என்று பொருள், திருப்பி வைத்தால் குழம்பு மாற்றிக் கேட்கிறார் என்று இருந்தது. பல்வலியால் அறைந்துகொண்ட அதே மனிதரைப் பற்றிக் கடைசி வரி: இடி இடிக்கும் ராத்திரி அவருக்கு எதிரே உட்காராதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், அறை வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருங்கள், அரைமணியில் தூங்கிவிடுவார். ஆறு வருடமும் அந்த அக்கா அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் குறிப்பேட்டில் அந்த இரவுகளெல்லாம் “தூங்கினார்” என்று மட்டும் இருந்தன. அந்தத் தாளை அன்றே அந்த மனிதருடைய கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டினோம்.